மீட்டர் கேஜை ஏன் விட்டுவிட்டீர்கள்? மாடல் ரயில் தயாரிப்பாளர்களுக்குக் காவிரிப் படுகையிலிருந்து ஒரு திறந்த மடல்

இந்திய ரயில்களை மாடலாகச் செய்து விற்கும் நிறுவனத்தார் அனைவருக்கும்,

மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையின் மாடல், எப்போது வரும் என்று கேட்டால் வரும் பதில் ஒன்றே ஒன்றுதான்: அதை வாங்க ஆள் இல்லை. பிறகு அடுத்த அறிவிப்பு வருகிறது. அதில் இன்னொரு டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார எஞ்சின் இருக்கிறது, போன தடவை வந்த அதே எல்.எச்.பி. வகைப் பயணிகள் பெட்டி வேறு நிறத்தில் இருக்கிறது, வந்தே பாரத் இருக்கிறது. அவை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. காவிரிப் படுகையில் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒரு ரயில் உலகத்திலிருந்து ஒற்றை வேகன்கூட உங்கள் பட்டியலில் இல்லை. விற்றே பார்க்காத பொருளுக்கு வாங்க ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். இதை ஏற்க முடியாது. ஏன் என்பதை அளவுகளோடு எழுதுகிறோம்.

முதலில், விட்டுப்போனது எது என்று பார்ப்போம். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-ல் திறந்த பாதை அகலப் பாதை. 1870களில் அதை மீட்டர் கேஜாக மாற்றினார்கள். சென்னையிலிருந்து விழுப்புரம், கடலூர், மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை), கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு வந்த பழைய மெயின் லைனும் மீட்டர் கேஜ்தான். போட் மெயில் இதில் ஓடியது, பின்னாளில் சோழன் எக்ஸ்பிரஸ் ஓடியது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் மக்களிடம் ரயில்வே செஸ் வசூலித்து மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதையை 1894-ல் திறந்தது. அது பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று வளர்ந்தது. ஒரு ஜில்லா போர்டு தன் ஊர் விவசாயியின் வரிப்பணத்தில் ரயில் விட்டது என்பது சின்ன விஷயம் இல்லை. கிளைகள் தனி: பேரளம்–காரைக்கால், நீடாமங்கலம்–மன்னார்குடி, திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைத் தொட்டுக் கோடியக்கரை, மாயவரம்–தரங்கம்பாடி. திருவாரூர்–காரைக்குடிப் பாதை 2012-ல் அகலப் பாதை வேலைக்காக நிறுத்தப்பட்டபோது டெல்டாவில் மீட்டர் கேஜ் முடிந்துபோனது.

இப்போது நீங்கள் சொல்லும் தொழில்நுட்பக் காரணங்களுக்கு வருவோம்.

நீங்கள் செய்யும் எச்.ஓ. அளவு என்றால் 1:87, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. இந்திய அகலப் பாதை 1676 மி.மீ.; அதை 87 ஆல் வகுத்தால் 19.26 மி.மீ. நீங்கள் விற்பதோ 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் வண்டி. அது ஐரோப்பிய, அமெரிக்க 1435 மி.மீ. பாதைக்கான அளவு. ஆக, உங்கள் ஒவ்வொரு எஞ்சினும் இருக்க வேண்டிய அகலத்தைவிட 2.76 மி.மீ. ஒடுங்கிய பாதையில் நிற்கிறது. நூற்றுக்குப் பதினான்கு பங்கு பிழை. முன்னால் இருந்து பார்த்தால் பெரிய உடம்புக்குக் கால்கள் நெருங்கி நிற்பது யார் கண்ணுக்கும் தெரியும். வேறு தண்டவாளம் கிடைக்காததால் அதைப் பொறுத்துக்கொண்டு வாங்குகிறோம்.

மீட்டர் கேஜுக்கு அந்தச் சங்கடமே இல்லை. 1000 மி.மீ.யை 87 ஆல் வகுத்தால் 11.49. உலகச் சந்தையில் 12 மி.மீ. தண்டவாளம் பல காலமாக இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே மாடல்களை பெமோ நிறுவனம் இதே 1:87 அளவில் 12 மி.மீ. பாதைக்குத்தான் செய்கிறது. டில்லிக், பெக்கோ இரண்டும் இந்தத் தண்டவாளத்தை விற்கின்றன. ஜப்பானிலும் 1:87-ல் 12 மி.மீ. பாதைக்கு வண்டி செய்கிறார்கள். பிழை அரை மில்லிமீட்டர், நூற்றுக்கு நான்கரைக்கும் குறைவு. இந்திய ரயிலை எச்.ஓ.வில் அளவு பிசகாமல் செய்ய வேண்டும் என்றால் உங்களுக்கு இருக்கும் நேர்மையான வழி மீட்டர் கேஜ். அதைத்தான் நீங்கள் தொடாமல் விட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் செய்யாததால் நாங்கள் என்ன செய்கிறோம் என்றால், உங்கள் அகலப் பாதை மாடலை வெட்டி ஒட்டுகிறோம். அது ஏன் சரிவராது என்பதும் எங்களுக்குத் தெரியும். அகலப் பாதை டீசல் எஞ்சினான டபிள்யூ.டி.எம்.-2-ன் மாடல் உடலை எடுத்து அடியில் 12 மி.மீ. போகி (சக்கரச் சட்டம்) மாட்டினால் மீட்டர் கேஜ் டீசல் எஞ்சினான ஒய்.டி.எம்.-4 ஆகிவிடாது. டபிள்யூ.டி.எம்.-2-ன் உயரம் சுமார் 4.2 மீட்டர், மாடலில் 48 மி.மீ. மீட்டர் கேஜில் வண்டிக்கு அனுமதித்த உச்ச உயரமே 3.43 மீட்டர், அதாவது 39.4 மி.மீ. ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கூரையில் அறுத்து எடுக்க முடியாது. கேபின் ஜன்னல், ஹூட் எனும் எஞ்சின் மூடியின் கதவுகள், ரேடியேட்டர் ஜாலி எல்லாம் விகிதம் கெட்டுவிடும். உள்ளே இருக்கும் இயந்திரமும் வேறு: அங்கே பதினாறு சிலிண்டர் அல்கோ 251, இங்கே வரிசையாக ஆறே சிலிண்டர், 1400 குதிரைத்திறனுக்குள். ஒலி டிகோடர் (எஞ்சின் சத்தம் எழுப்பும் மின்னணுச் சில்லு) போடுகிறவர்கள் பதினாறு சிலிண்டர் ஒலியை ஒய்.டி.எம்.-4-க்குள் ஏற்றினால், பொன்மலை ஷெட் எஞ்சின் புறப்படும் சத்தம் தெரிந்த யாரும் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெட்டிகளிலும் இதே கதை. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் அகலப் பாதைப் பெட்டி 21.34 மீட்டர் நீளம், 3.25 மீட்டர் அகலம், எச்.ஓ.வில் 245-க்கு 37 மி.மீ. மீட்டர் கேஜ் பெட்டி சுமார் 19.5 மீட்டர் நீளம், 2.74 மீட்டர் அகலம், எச்.ஓ.வில் 224-க்கு 31.5 மி.மீ. அகலத்தில் ஆறு மி.மீ. குறைக்க வேண்டும் என்றால் கூரையை நடுவில் நீளவாக்கில் அறுத்து மறுபடி ஒட்ட வேண்டும். கூரையின் வளைவு போய்விடும், ஒட்டிய கோடு பெயின்டுக்கு அடியிலும் தெரியும். இரண்டு முனைச் சுவரையும் புதிதாகவே செய்தாக வேண்டும். ஏனென்றால் மீட்டர் கேஜில் பக்க பஃபர் (மோதல் தாங்கி) கிடையாது, நடுவில் ஒற்றை பஃபரோடு சேர்ந்த ஏ.பி.சி. கப்ளிங்தான். இதை மறந்து இரண்டு பக்க பஃபரை விட்டுவைத்த மாடல்களைப் பார்க்கும்போதெல்லாம், சரியான உதிரி பாகம் ஒன்று விலைக்குக் கிடைத்திருந்தால் செய்தவர் இப்படி விட்டிருக்கமாட்டார் என்றுதான் தோன்றுகிறது.

முப்பரிமாண அச்சில் செய்துகொள்ளுங்கள் என்பது உங்களில் சிலர் தரும் யோசனை. செய்து பார்த்தாயிற்று. பி.எல்.ஏ. இழையில் அச்சடித்த 224 மி.மீ. பக்கச் சுவர், சித்திரை வெயிலில் மூடிய காரில் இருந்தால் வில்லாக வளைந்து வருகிறது. ரெசினில் அச்சடித்தால் ஜன்னல் கம்பிகள் அழகாக வருகின்றன, ஆனால் புற ஊதா ஒளியில் சரியாக இறுக வைக்காவிட்டால் சில மாதங்களில் சுவர் உள்வாங்குகிறது, கம்பி தொட்டால் ஒடிகிறது. இவையெல்லாம் பழகிப் பழகிச் சமாளிக்கக்கூடியவை. வீட்டில் செய்ய முடியாதது எஞ்சினின் அடிப்பகுதி. 12 மி.மீ. பாதையில் இரு சக்கரங்களுக்கு இடையே உள்ளளவு பத்து மி.மீ. சொச்சம்தான். மோட்டாரை அங்கே வைக்க முடியாது. ஹூட்டுக்குள் நீளவாக்கில் படுக்க வைத்து, இரு பக்கமும் தண்டு இறக்கி, வார்ம் கியர் வழியாக மூன்று அச்சுப் போகிகள் இரண்டையும் ஓட்ட வேண்டும். இருபுறமும் நடைபாதை விட்ட ஒல்லியான ஹூட்டுக்குள் மோட்டார், டிகோடர், ஸ்பீக்கர், எடைக்கட்டி நான்கும் அடங்க வேண்டும். வெளிநாட்டு டி.டி. அளவு டீசல் எஞ்சினின் போகியை வாங்கிப் போட்டால் பாதை அகலம் பொருந்துகிறது, அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் பொருந்துவதில்லை. அது 1:120-க்குச் செய்தது. பக்கத்தில் இருந்து பார்த்தால் சக்கரங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும். இந்த ஒரு பாகத்தை நீங்கள்தான் செய்ய முடியும்.

ஒய்.டி.எம்.-4 யாருக்கும் தெரியாத எஞ்சின் என்றும் சொல்ல முடியாது. அல்கோவின் டி.எல்.-535 குடும்பம் அது. அதே குடும்பத்து எஞ்சின் அலாஸ்காவிலும் கனடாவிலும் ஓடும் வைட் பாஸ் அண்ட் யூகான் பாதையில் இருந்தது, எல்.ஜி.பி. நிறுவனம் அதைத் தோட்ட ரயில் அளவில் செய்து விற்றது. டார்ஜிலிங்கின் பி வகுப்பு எஞ்சினை இங்கிலாந்தின் ரவுண்ட்ஹவுஸ் நிறுவனம் நிஜ நீராவியில் ஓடும் மாடலாகவே செய்தது. சுற்றுலாப் பயணி ஏறும் ரயிலுக்குக் கிடைக்கும் மரியாதை, நெல் மூட்டையும் உப்பும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறிய ரயிலுக்குக் கிடைப்பதில்லை. எங்கள் ஆதங்கத்தின் வேர் இதுதான்.

தண்டவாளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு 12 மி.மீ. தண்டவாளம் இருக்கிறதே, அதையே போடலாமே என்பீர்கள். போடலாம், ஓடும். ஆனால் டெல்டா கிளைப் பாதை மாதிரி இருக்காது. மீட்டர் கேஜில் நிறையப் பயன்பட்ட கெஜத்துக்கு அறுபது பவுண்டு ரெயிலின் உயரம் 114 மி.மீ., 1:87-ல் 1.3 மி.மீ. கோட் எண் என்பது ரெயிலின் உயரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் சொல்வது; கடையில் எளிதாகக் கிடைக்கும் கோட் 75 ரெயிலின் உயரம் 1.9 மி.மீ. நிஜ அளவில் அது 165 மி.மீ. இன்றைய ராஜதானி ஓடும் கனமான ரெயிலுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கோட் 55 என்றால் 1.4 மி.மீ., சரியாகப் பொருந்தும். நம் மீட்டர் கேஜ் மரக்கட்டை 1.8 மீட்டர் நீளம்; மாடலில் 20.7 மி.மீ. வர வேண்டும். சுவிஸ் மலைப்பாதையின் கட்டை நீளமும் இடைவெளியும் வேறு. பல இடங்களில் மரக்கட்டையே இல்லாமல் இரண்டு வார்ப்பிரும்புத் தட்டுகளைக் கம்பியால் இணைத்த சி.எஸ்.டி.-9 ஸ்லீப்பர்தான் இருந்தது. அந்தத் தோற்றத்தை நாங்கள் அறிந்த எந்த நிறுவனத்தின் தண்டவாளமும் தராது.

எந்த உலோகம் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால் ஊர்களில் உப்புக் காற்று. மலிவு ஸ்டீல் ரெயில் ஒரு ஐப்பசி அடைமழையைத் தாண்டாது, துரு ஏறி மின்சாரம் அறுந்து அறுந்து போகும். நிக்கல் சில்வர்தான் வேண்டும். பன்னிரண்டு அடி நீளத்துக்கு இணைப்பில் இடைவெளி விடாமல் சால்டர் வைத்தால், இருபது டிகிரி வெப்பம் ஏறும்போது ரெயில் ஒரு மி.மீ.க்கு மேல் நீளும். கோடை நடுப்பகலில் நடுவில் முறுக்கிக்கொள்ளும். பிளைவுட் பலகை மழைக்காலத்து ஈரத்தில் இதைவிட மோசம், அடிப்பக்கமும் பெயின்ட் அடிக்காவிட்டால் உப்பிவிடும். உங்கள் பெட்டிக்குள் வைக்கும் குறிப்புத்தாளில் இவற்றை ஒருபோதும் கண்டதில்லை.

மாடலுக்கு இந்தப் பாதைகள் எவ்வளவு தோதானவை என்று ஒரே ஒரு கிளையை வைத்துக் காட்டுகிறோம். மாயவரம்–தரங்கம்பாடி 1926 முதல் 1986 வரை ஓடியது, சுமார் 30 கி.மீ. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார், கடைசியில் கடலோரம் தரங்கம்பாடி. ஒரு எஞ்சின், நாலு பெட்டி போதும். மாடலில் எஞ்சினோடு சேர்த்து சுமார் 1.1 மீட்டர். கடைசி நிலையத்தில் ஒரு பிளாட்பாரம், எஞ்சின் கழன்று சுற்றி மறுமுனைக்கு வர ஒரு லூப், இரண்டு பாயின்ட் (பாதை பிரியும் இடம்), விருப்பம் இருந்தால் சரக்குக்கு ஒரு சைடிங். எட்டு அடி நீளம், ஒன்றேகால் அடி அகலமுள்ள ஒரு பலகையில் முழு நிலையமும் அடங்கும். நம் வீட்டு முன்னறைச் சுவர் அலமாரி போதும். டபிள்யூ.ஏ.பி.-7 இழுக்கும் இருபது பெட்டி ரயிலை எச்.ஓ.வில் நிறுத்த ஐந்து மீட்டருக்கு மேல் வேண்டும். அந்த இடம் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? சந்தை இல்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். வட்டமாகத்தான் ஓட்டுவேன் என்கிறவருக்கும் ஒரு வார்த்தை: 224 மி.மீ. பெட்டி ஒழுங்காக ஓட வளைவின் ஆரம் அதைப்போல் மூன்று மடங்கு, ஏறக்குறைய 670 மி.மீ. வேண்டும். அதற்குப் பயந்து ஐரோப்பாவில் சில நிறுவனங்கள் செய்ததுபோல் பெட்டியின் நீளத்தைச் சுருக்கிவிடாதீர்கள். டெல்டாவின் பாதை நேர்க்கோடு.

படுகை என்றாலே பாலம். காவிரி, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வெண்ணாறு, பாமணியாறு, அவற்றுக்கு இடையே எண்ணிச் சொல்ல முடியாத வாய்க்கால்கள். இவற்றுக்கு வேண்டியது தண்டவாளத்துக்கு அடியில் இரும்புத் தட்டு கர்டர் படுத்திருக்கும் சாதாரணப் பாலம். 12.2 மீட்டர் ஸ்பான் மாடலில் 140 மி.மீ., 18.3 மீட்டர் ஸ்பான் 210 மி.மீ. கடையில் எங்கள் கண்ணில் படுவது ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குக்கான வளைவுப் பாலம்தான் அதிகம்.

நீராவிக் காலத்துக்கு இப்போதே வரச் சொல்லவில்லை. ஆனால் பயணிகள் ரயில் இழுத்த ஒய்.பி., சரக்கு இழுத்த ஒய்.ஜி. ஆகிய நீராவி எஞ்சின்கள் இரண்டுக்கும் பல பாகங்கள் பொது என்பதை நினைவில் வையுங்கள். ஒய்.பி.யின் ஓட்டுச் சக்கரம் 1372 மி.மீ., ஒய்.ஜி.க்கு 1219, மாடலில் 15.8, 14. ஒரு அச்சு வார்ப்புச் செலவில் இரண்டு எஞ்சினுக்கு வழி இருக்கிறது.

அளவெடுக்கப் பொருள் இல்லை என்றும் சொல்ல முடியாது. திருச்சி ரயில் அருங்காட்சியகத்தில் மீட்டர் கேஜ் வண்டிகள் நிற்கின்றன, பெரம்பூரில் ஐ.சி.எஃப். அருங்காட்சியகம் இருக்கிறது. உடம்பை அங்கே அளவெடுங்கள், நிறத்தை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள். காட்சிக்கு வைத்த வண்டிக்கு அடிக்கும் பெயின்ட் ஓடிய காலத்துப் பெயின்ட் இல்லை. அந்தக் காலத்து வண்ணப் புகைப்படங்களை வைத்திருப்பவர்கள் டெல்டா ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற டிரைவர்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் இருக்கிறார்கள். ஒற்றைப் பாதையில் போக அனுமதியான டோக்கனைப் பிரம்பு வளையத்தில் எப்படி மாற்றினார்கள், எந்தப் பெட்டி எந்த வண்டியில் எந்த இடத்தில் சேர்ந்தது என்பதைச் சொல்ல அவர்களால்தான் முடியும். இன்னும் பத்து ஆண்டு கழித்து வந்து கேட்டால் சொல்ல ஆள் இருக்காது.

வாங்கும் ஆளைப் பற்றியும் கடைசியாக ஒன்று. மீட்டர் கேஜ் டெல்டாவோடு முடிவதில்லை. மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான்; நீங்கள் போடும் தண்டவாளம் அதற்கும் உதவும். ஒய்.டி.எம்.-4 வங்கதேசத்திலும் மியான்மரிலும் வியட்நாமிலும் மலேசியாவிலும் ஓடியிருக்கிறது. ஒரே உடல், நாலைந்து நாட்டு நிறங்கள்.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை. எடுத்த எடுப்பில் எஞ்சின் கேட்கவில்லை. முதலில் 12 மி.மீ. வளையும் தண்டவாளம்: கோட் 55 நிக்கல் சில்வர் ரெயில், 20.7 மி.மீ. கட்டை, கூடவே ஒன்றுக்கு எட்டரை விகிதத்தில் இடது, வலது பாயின்ட் ஒவ்வொன்று. அடுத்து, நாமே பூட்டிக்கொள்ளும் கிட் வடிவில் நான்கு சக்கர மூடு வேகனும் கார்டு வேனும். மூன்றாவதாக, முழு நீளத்தில் ஒரு இரண்டாம் வகுப்புப் பெட்டி. அதன் போகி, சக்கரம், நடு பஃபர் கப்ளிங் ஆகியவற்றைத் தனி உதிரியாகவும் விற்க வேண்டும். அது கிடைத்தாலே மற்றப் பெட்டிகளை நாங்கள் செய்துகொள்வோம். நான்காவதாக ஒய்.டி.எம்.-4, அதற்கே உரிய ஆறு சிலிண்டர் ஒலியோடு, பொன்மலை ஷெட்டின் நிறத்தில். எஞ்சின் முழுதாக வரத் தாமதமானால் ஓடும் அடிப்பகுதியை மட்டும் முதலில் தாருங்கள்.

நிலையப் பெயர்ப்பலகை ஸ்டிக்கர்களைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். தமிழைக் கையாளாத மென்பொருளில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இணைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கின்றன. பேரளமும் திருத்துறைப்பூண்டியும் படிக்க முடியாத ஊர்களாகிவிடுகின்றன. மயிலாடுதுறைக்கு மாயவரம், மாயூரம் என்று பழைய பெயர் போட்ட பலகையும் வேண்டும். காலத்துக்கு ஏற்றதை நாங்கள் தேர்ந்துகொள்வோம்.

எத்தனை முன்பதிவு வந்தால், எவ்வளவு முன்பணம் சேர்ந்தால் இந்த வேலையைத் தொடங்குவீர்கள் என்ற எண்ணை வெளிப்படையாக அறிவியுங்கள். வாங்க ஆள் இல்லை என்ற பதிலுக்குப் பதிலாக அந்த ஒரு எண் போதும். ஆளைச் சேர்ப்பதும் பணத்தைச் சேர்ப்பதும் எங்கள் பொறுப்பு. அளவெடுக்க ஆள் அனுப்பினால் உடன் வருவோம்; வார்ப்புக்குப் போகும் முன் முதல் வரைபடத்தைக் காட்டினால் பிழை பார்த்துத் தருவோம், அதற்குக் கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
காவிரிப் படுகையின் மாடல் ரயில் ஆர்வலர்கள் சிலர்
மயிலாடுதுறை